நாற்பத்தேழாவது தலை

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, விடுதியின் இரண்டாம் மாடிக் கூடத்தில் இருந்தவர்கள்:

கரண்டிக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்கள், நாற்பத்தேழு பேர்.
அவர்களை மணிக்கொரு முறை எண்ணுவதற்கு எண்ணிக்கைச் செயலாளர், ஒருவர்.
அவர் எண்ணியதற்கு ஆமாம் சொல்லத் துணை எண்ணிக்கைச் செயலாளர், ஒருவர்.
கட்சித் தலைவர், சுவரில், படமாக.
பூட்டு ரிப்பேர் செய்ய வந்தவர், ஒருவர். வேலைக்கு வந்தவர் என்பதால் பதிவேட்டில் ஏற்றப்படவில்லை.

தேர்தல் முடிவில் குழப்பமே இல்லை. மொத்தம் தொண்ணூற்று நான்கு இடங்கள். கரண்டிக் கட்சிக்கு நாற்பத்தேழு, சீப்புக் கட்சிக்கு நாற்பத்தேழு. நாற்பத்தெட்டுத் தலைகளைக் கொண்டுவருகிறவர் ஆட்சி அமைக்கலாம் என்று ஆளுநர் அறிவித்துவிட்டார். இரண்டு கட்சிகளுக்கும் ஒரே வேலைதான் மிஞ்சியது. இருக்கிற நாற்பத்தேழைக் காப்பாற்ற வேண்டும், எதிர்த்தரப்பிலிருந்து ஒன்றைக் கிளப்ப வேண்டும். காப்பாற்றுவது என்றால் கதவைச் சாத்திப் பூட்டுவது. கரண்டிக்காரர்கள் இந்த விடுதியில் இருந்தார்கள். சீப்புக்காரர்கள் மூன்று தெரு தள்ளி, ஒரு நீச்சல் பயிற்சி நிலையத்தில்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தின் பூட்டு கெட்டுப்போனது. நாக்கு விழவில்லை. மறுநாள் காலைவரை கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. யாரும் தள்ளிப் பார்க்காததால் யாரும் போகவில்லை.

பூட்டுக்காரர் தன் மச்சானின் சாவிக் கடையில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறவர். அன்று அவருக்கு மூன்று இடத்தில் வேலை. இது முதலாவது. வியாழக்கிழமை மட்டும் எந்த வேலையும் வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லியிருந்தார். அன்று காலை பத்து மணிக்கு அவர் மனைவிக்குப் பித்தப்பையில் கல் எடுக்கும் ஆபரேஷன். கணவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே கொண்டுபோவார்கள்.

"கத்தி வைக்கிறதுகூட பயமா இல்ல. நீங்க எங்கயாவது பூட்டப் பாத்துக்கிட்டு நின்னுடுவீங்களோன்னுதான் பயமா இருக்கு" என்று அவள் சொல்லியிருந்தாள்.

"வராம எங்க போயிடுவேன்?" என்று இவர் சொல்லியிருந்தார்.

அவருக்கு வேலையில் இரண்டு பழக்கங்கள். ஒன்று, எண்ணெய் படாமலிருக்கக் காக்கிச் சட்டையைக் கழற்றிக் கதவின் வெளிக் கைப்பிடியில் மாட்டிவிடுவார், கீழே கருவிப் பையை வைப்பார். இரண்டு, சரிசெய்த பூட்டை இரண்டு பக்கமும் சோதிக்காமல் கிளம்பமாட்டார். வெளியே ஒருவர் நின்று சாவியைத் திருப்ப, உள்ளே ஒருவர் நின்று நாக்கு எப்படி விழுகிறது என்று காதால் கேட்க வேண்டும். மச்சான் கடையில் சேர்ந்த அன்றே கற்றுக்கொண்டது. இதுவரை அதில் எந்த வில்லங்கமும் வந்ததில்லை.

வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. வாசலில் நிற்கும் காவலாளி தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். செயலாளர்கள் இருவரும் கூடத்தின் மறுகோடியில் காபிக் கோப்பைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கதவருகே உட்கார்ந்திருந்தவரின் கழுத்தில் 17 என்ற அட்டை தொங்கியது.

"அண்ணே, ஒரு நிமிஷம் வெளிய நில்லுங்க. நான் உள்ள நிக்கிறேன். சாவியப் போட்டு ரெண்டு திருப்பு திருப்புங்க."

"நானா?"

"சும்மா ரெண்டு திருப்பு."

பதினேழு எழுந்தார். அட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். வெளியே போனார். கதவைச் சாத்தினார். ஒரு திருப்பு, இன்னொரு திருப்பு. நாக்கு கத்திபோல இறங்கியது.

"விழுந்துருச்சுண்ணே. இப்பத் தொறங்க."

கதவு திறக்கவில்லை.

"அண்ணே?"

படிக்கட்டில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. கருவிப் பையின் கிலுகிலுப்பும் கூடவே இறங்கியது. பூட்டுக்காரர் உள் கைப்பிடியை அழுத்தி இழுத்துப் பார்த்தார். இம்மிகூட அசையவில்லை. நல்ல வேலை.

பன்னிரண்டு மணிக்கு எண்ணிக்கை நடந்தது. செயலாளர் பேனா முனையை ஒவ்வொரு தலையாக நீட்டிக்கொண்டே வந்தார். பனியனோடு கதவருகே நின்றிருந்தவரிடம் முடித்தார்.

"நாப்பத்தேழு."

"ஆமா" என்றார் துணைச் செயலாளர்.

"சார், நான் பூட்டு ரிப்பேருக்கு வந்தவன். இங்க இருந்த ஒருத்தர் வெளிய போயிட்டாரு."

"யாரும் போகல. எண்ணிக்கை நாப்பத்தேழு."

"நான் இருக்கறதாலதான் சார் நாப்பத்தேழு."

"அதத்தான் நானும் சொல்றேன். நீங்க இருக்கீங்க. நாப்பத்தேழு."

"என் மொகத்தப் பாருங்க சார்!"

செயலாளர் பொறுமையானவர். பதிவேட்டை மூடிவிட்டுச் சொன்னார்: "மொகம் பாக்கறது என் வேலை இல்லங்க. அது பிரச்சாரப் பிரிவு. நான் தலை மட்டும்."

"ஆமா" என்றார் துணைச் செயலாளர்.

காலி நாற்காலியில் தொங்கிய அட்டையை எடுத்து அவர் கழுத்தில் மாட்டினார்கள். உறுப்பினர் பனியனோடு இருப்பது கட்சிக்கு அழகல்ல என்று ஒரு வெள்ளைச் சட்டையும் வந்தது. தோள் இரண்டு விரற்கடை இறங்கி நின்றது. கதவுக்கு வெளியே, பூட்டிலேயே தொங்கிய சாவியைக் காவலாளி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். வெளியே போக வேண்டுமானால் செயலாளர் உள்ளிருந்து மூன்று முறை தட்ட வேண்டும். வேறு யார் தட்டினாலும் அது காற்று என்று எடுத்துக்கொள்ளக் காவலாளிக்கு உத்தரவு.

"சத்தம் போடாதீங்க" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். அவர் பதினாறு. "உங்கள விட்டா நாப்பத்தாறு. நாப்பத்தாறுன்னா சீப்புக்காரன் வந்துடுவான்."

"நான் மெம்பரே இல்லண்ணே. எனக்கு இங்க என்ன பண்றதுன்னே தெரியல."

"மொத தடவ எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார் பதினாறு. "போகப்போகப் பழகிடும்."

செவ்வாய்க்கிழமை காலை ஆளுநர் மாளிகையில் தலைகளைக் காட்ட வேண்டியிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒவ்வொருவரும் முன்னால் போகிறவரின் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது கட்சியின் ஏற்பாடு. பூட்டுக்காரர் பதினாறைப் பிடித்துக்கொண்டார். அவரைப் பதினெட்டு பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் அன்பு இல்லை, ஆனால் உறுதி இருந்தது.

மாளிகையில் அவர்களைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார்கள். ஆளுநரின் அதிகாரி பின்னாலிருந்து எண்ணினார். முகம் பார்த்து எண்ணினால் பாரபட்சம் வந்துவிடும் என்பது மாளிகை விதி. எண்ணி முடித்ததும் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டார்கள். ஆளுநர் பேசினார்.

"இந்த மாகாணத்தின் மக்கள் தெளிவான தீர்ப்பை வழங்கியிருக்கிறார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மக்களின் விருப்பத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆகவே ஆட்சி அமையும்வரை நிர்வாகத்தை நானே பார்த்துக்கொள்வேன். இத்தனை நாள் எனக்கு ரிப்பன் வெட்டுவதைத் தவிர வேறு வேலை இருந்ததில்லை. சென்ற வாரம் மட்டும் நூற்றுப்பன்னிரண்டு கோப்புகளில் கையெழுத்திட்டேன். உடம்பே தேறியிருக்கிறது. ஆகவே நீங்கள் யாரும் அவசரப்பட வேண்டாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டல் ஓயும்வரை காத்திருந்து பூட்டுக்காரர் எழுந்தார். "ஐயா, நான் பூட்டு ரிப்பேர் பண்றவன்."

ஆளுநரின் முகம் மலர்ந்தது. "பாருங்கள்! எந்தத் தொழிலில் இருந்தவரும் இந்த நாற்காலிக்கு வரலாம். இதுதான் மக்களாட்சியின் அழகு." புகைப்படக்காரர் படம் எடுத்தார். மறுநாள் பத்திரிகையில் அது வந்தது, கழுத்துக்குக் கீழே மட்டும்.

அன்று மாலை உறுப்பினர்களுக்குக் குடும்பத்தோடு பேச மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். துணைச் செயலாளர் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, எங்க இருக்கீங்க நீங்க?" என்றாள் மனைவி.

"சட்டமன்ற மெம்பர்களோட."

"பூட்டு ரிப்பேரா?"

"ரிப்பேர் முடிஞ்சுது. இப்ப நானும் மெம்பரு."

"இது எப்ப முடிவாச்சு? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"எனக்கே நேத்து பன்னண்டு மணிக்குத்தான் சொன்னாங்க."

"இங்க உங்க சட்டையப் போட்டுக்கிட்டு ஒரு ஆளு வந்திருக்காரு. நீங்க அனுப்பினதா சொன்னாரு."

"நான் அனுப்பல. பையில நம்ம அட்ரஸ் எழுதின அட்டை இருக்கும். யாரும் தேடமாட்டாங்கன்னு அங்க வந்துட்டாரு."

"வந்ததும் எங்கம்மாவுக்கு வணக்கம் சொன்னாரு. அப்புறம் ஜன்னல்கிட்ட நின்னு தெருவுக்கே சொன்னாரு. சமையக்கட்டுக் கொழாய் ஒழுகுதுன்னு காட்டினேன்."

"சரி பண்ணிட்டாரா?"

"இல்ல. மூணு பேரு குழு போட்டிருக்காரு. எங்கம்மா தலைவர். பதினஞ்சு நாள்ல அறிக்க குடுக்கணுமாம். நீங்க ரெண்டு வருஷமா அதுகூடப் பண்ணல."

"மச்சான் என்ன சொல்றாரு?"

"அண்ணனுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. கடையில வெச்சுக்கிட்டாரு. சொன்ன எடத்துக்குப் போறாராம், சொன்ன எடத்துல நிக்கிறாராம், எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்கறதில்லையாம். உங்கள மாதிரி மொகத்தத் தூக்கி வெச்சுக்கறதும் இல்லையாம்."

பூட்டுக்காரர் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினார். "வியாழக்கெழம…"

"நீங்க வரலைன்னா அவரு கையெழுத்துப் போடறாராம். போட்டும் காட்டினாரு. பெருசா, ரெண்டு கோடு அடிச்சு, நல்லாத்தான் இருக்கு." அவள் குரல் இறங்கியது. "எனக்கு அந்தாளு வேணாங்க. நேத்து எனக்கு வயிறு வலிச்சப்ப ஆழ்ந்த கவலை தெரிவிச்சாரு. நின்னுக்கிட்டே தெரிவிச்சாரு. மயக்க மருந்து குடுக்கறப்ப பக்கத்துல அப்படி ஒருத்தர் நின்னா நான் எந்திரிக்கவே மாட்டேன். நீங்க வாங்க. பேசக்கூட வேணாம், சும்மா வந்து நில்லுங்க."

"வந்துடறேன்" என்றார். "வியாழக்கெழம கடையில யாரு?"

"அண்ணன் காலையிலயே என்கூட வந்துடும். கடையில இந்த ஆளு மட்டுந்தான். ஒம்போதரைக்குக் கடையப் பூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு வர்றதா…"

"மூணு நிமிஷம்" என்றார் துணைச் செயலாளர்.

புதன்கிழமை சட்டமன்றம் கூடியது. அவைத்தலைவரைத் தேர்ந்தெடுக்கவும் பெரும்பான்மை வேண்டும் என்பதால், அவையின் எழுத்தரே தலைமை தாங்கினார். அவருக்கு ஓட்டு இல்லை, சுத்தியல் மட்டும் உண்டு. எதிர் வரிசையில் சீப்புக் கட்சி நாற்பத்தேழு பேரும் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பூட்டுக்காரரின் தெருவுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கேன்காரர் லேசாகத் தோளைக் குலுக்கினார். பூட்டுக்காரரும் குலுக்கினார்.

இனிப் பொறுத்துப் பயனில்லை என்று பூட்டுக்காரர் எழுந்து நின்றார்.

"ஐயா, நான் மெம்பர் இல்ல. பூட்டு ரிப்பேர் பண்றவன். நாளைக்கு என் சம்சாரத்துக்கு ஆபரேஷன். என்னை விட்டுடுங்க."

இரண்டு பக்கமும் கூச்சல் எழுந்தது. எழுத்தர் சுத்தியலால் தட்டினார். புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு வாசித்தார்.

"பதினேழாம் உறுப்பினரின் உரையில் 'மெம்பர் இல்லை' என்பது அவையை அவமதிப்பதால் நீக்கப்படுகிறது. 'பூட்டு' என்பது இரு கட்சிகளின் தற்போதைய ஏற்பாடுகளைக் குத்திக்காட்டுவதால் நீக்கப்படுகிறது. குடும்ப விவகாரங்கள் விதிப்படி நீக்கப்படுகின்றன. மீதி இருப்பது 'ஐயா, நான்' என்பது மட்டுமே. இதுவரை இந்த அவையில் நிகழ்ந்த எல்லா உரைகளின் சாரமும் அதுவே என்பதால், அது குறிப்பில் ஏற்றப்படுகிறது."

மேசைகள் தட்டப்பட்டன. ஓட்டெடுப்பு நடந்தது. பதினாறு கையைத் தூக்கியபோது பூட்டுக்காரரின் கையையும் சேர்த்துத் தூக்கினார். நாற்பத்தேழுக்கு நாற்பத்தேழு.

"இரு தரப்பும் சமம்" என்றார் எழுத்தர். "சமத்துவமே நம் அடிப்படை. எனவே இன்று மக்களாட்சி முழுமையாக நிறைவேறியது. அவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது."

சாயங்காலம் கட்சித் தலைவரே கூடத்துக்கு வந்தார். சுவரில் இருந்த படத்துக்குக் கீழே நின்றதால் இரண்டு தலைவர்கள் இருப்பதுபோலத் தெரிந்தது. செயலாளர் ஒரு கணம் பேனாவை நீட்டி, பிறகு அடக்கிக்கொண்டார்.

"என் உயிரினும் மேலான நாற்பத்தேழு பேரே! மூன்று நாட்களாக நம்மில் ஒருவர்கூட மாறவில்லை, ஒருவர்கூட ஓடவில்லை. இந்தக் கொள்கை உறுதி எங்கிருந்து வந்தது? கதவிலிருந்து வந்தது! ஞாயிற்றுக்கிழமை நம் கொள்கை ஆட்டம் கண்டது. திங்கட்கிழமை ஒரு தொழிலாளி வந்து அதைச் சரிசெய்தார். அவர் யார், எங்கிருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. அந்த முகம் தெரியாத தொழிலாளிக்கு இந்த இயக்கம் கடன்பட்டிருக்கிறது. அவருக்காக எழுந்து நின்று கைதட்டுவோம்."

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். பதினாறு முழங்கையால் இடித்ததும் பூட்டுக்காரரும் தட்டினார்.

"பெரும்பான்மை கிடைக்கும்வரை நாம் இந்தக் கூடத்தைவிட்டு நகரப்போவதில்லை" என்று தலைவர் முடித்தார். "ஆறு மாதம் ஆனாலும் சரி!" பிறகு செயலாளர் மூன்று முறை தட்ட, தலைவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குச் சிற்றுண்டி வந்தது. தட்டோரத்தில் பல்குத்தும் குச்சிகள் வைத்திருந்தார்கள். எல்லோரும் சாப்பிட்டு முடித்து அவரவர் பல்லைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, பூட்டுக்காரர் இரண்டு குச்சிகளைக் கொண்டுபோய்ப் பூட்டின் உள்பக்கத் துவாரத்தில் செருகி, அடியோடு ஒடித்துவிட்டார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு பூட்டை அவர் கெடுத்தது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

ஏழரைக்குத் தட்டுகளை வெளியே அனுப்பச் செயலாளர் மூன்று முறை தட்டினார். வெளியே காவலாளி சாவியைப் போட்டார். பாதிக்கு மேல் போகவில்லை. குத்திப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். விடுதி மேலாளர் வந்து பார்த்துவிட்டுச் சாவிக் கடைக்குப் போன் பண்ணினார்.

எட்டு இருபதுக்குக் கதவுக்கு வெளியே ஒரு குரல் எழுந்தது. கணீரென்ற குரல்.

"இந்தப் பூட்டு வெகு விரைவில் சரிசெய்யப்படும் என்று உறுதியளிக்கிறேன்."

உள்ளே இருந்தவர்கள் பழக்கதோஷத்தில் கைதட்டினார்கள். பூட்டுக்காரர் கதவருகே குத்தவைத்து உட்கார்ந்தார்.

"உறுதியெல்லாம் வேணாம்ணே. பையில சின்ன இடுக்கி இருக்கும். செவப்புப் பிடி. எடுங்க."

"யார் பேசறது?"

"உள்ள மாட்டிக்கிட்டவன். எடுத்தாச்சா? சாவித் துவாரத்துல விடுங்க. குச்சி தட்டுப்படும்."

"தட்டுப்படுது."

"மெதுவாப் பிடிச்சு இழுங்க. கட்சிய ஒடைக்கிற மாதிரி வெடுக்குனு இழுக்காதீங்க."

வெளியே மூச்சு வாங்கியது. ஒரு குச்சி வந்தது. இன்னொன்றும் வந்தது. காவலாளி கொடுத்த சாவி நுழைந்து திரும்பியது. கதவு திறந்தது. தகவல் சொல்லக் காவலாளி மேலாளரிடம் ஓடினார்.

காக்கிச் சட்டையில் நின்றவர் எதிரே இருந்த அட்டையைப் பார்த்தார். 17. எங்கேயோ பார்த்த எண் மாதிரி அவருக்கு இருந்தது. முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பயனில்லை, திங்கட்கிழமையும் அவர் பார்த்திருக்கவில்லை. தன்னையும் இங்கே யாரும் பார்க்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். மூன்று நாளாகக் காக்கிச் சட்டையோடு ஊரெல்லாம் சுற்றியதில், ஓட்டுப் போட்டவர்கள்கூட ஒருவரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

"ரெண்டு பக்கமும் சோதிச்சுப் பாக்கணுமேண்ணே" என்றார் பூட்டுக்காரர். "கடையில சொல்லலையா?"

"சொன்னாரு. ஒருத்தர் உள்ள, ஒருத்தர் வெளிய."

"வேலைக்காரரு உள்ள. அதுதான் மொற."

"மொறன்னா சரி."

"சட்டையில எண்ணெ படும். கழட்டிக் கைப்பிடியில மாட்டுங்க. பை வெளியவே இருக்கட்டும். உள்ள ஏசி குளிரும், இதப் போட்டுக்குங்க." வெள்ளைச் சட்டையைக் கழற்றி நீட்டினார். கழுத்து அட்டையையும் கழற்றி அதன் பையில் போட்டிருந்தார். வந்தவர் காக்கியைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிவிட்டு அதைப் போட்டுக்கொண்டார். தோள் கச்சிதமாகப் பொருந்தியது.

மேலாளரிடம் தகவல் சொல்லிவிட்டுக் காவலாளி திரும்பி வந்தார். கைப்பிடியில் காக்கிச் சட்டை, கீழே கருவிப் பை, பக்கத்தில் பனியனோடு ஓர் ஆள். பூட்டு ரிப்பேர்காரர் என்று தெரிந்தது. "சீக்கிரம் முடிப்பா. எட்டு மணி எண்ணிக்கையே இன்னும் நடக்கல" என்றார்.

"ஆச்சுண்ணே. சோதிக்கறது மட்டுந்தான் பாக்கி."

வெள்ளைச் சட்டைக்காரர் உள்ளே நடந்தார். பதினாறு கொஞ்சம் நகர்ந்து, பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

பூட்டுக்காரர் கதவைச் சாத்தினார். ஒரு திருப்பு திருப்பினார்.

"விழுந்துருச்சு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "இப்பத் தொறங்க."

அவர் காக்கிச் சட்டையைப் போட்டுப் பொத்தான்களை மாட்டினார். பையைத் தோளில் ஏற்றினார். காவலாளியின் கடிகாரத்தில் எட்டு ஐம்பது. ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம்.

"அண்ணே?" என்றது உள்ளே இருந்த குரல்.

அதற்கும் பின்னால், கூடத்தின் மறுகோடியிலிருந்து, செயலாளர் எண்ணிக்கொண்டு வருவது கேட்டது. நாப்பத்தஞ்சு. நாப்பத்தாறு. நாப்பத்தேழு. ஆமா.

பூட்டுக்காரர் இரண்டாவது திருப்பையும் திருப்பினார்.